மெயில் போய்ச் சேரவில்லை என்றால் எங்கே பார்ப்பது: பெரிய நிறுவனங்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

காரைக்குடியில் தலைமை அலுவலகம், புதுவயலில் அரிசி ஆலை, ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை, கானாடுகாத்தானில் பழைய வீடொன்றை விடுதியாக்கி நடத்தும் பிரிவு என ஒரே நிறுவனம் நான்கு ஊர்களில் விரிந்திருப்பது செட்டிநாட்டில் புதிதல்ல. இத்தகைய நிறுவனங்களில் கொள்முதல் ஆணை, புரொஃபார்மா இன்வாய்ஸ், அறை முன்பதிவு உறுதி, சம்பளச் சீட்டு ஆகிய அனைத்தும் இன்று மெயிலில்தான் செல்கின்றன. எல்.சி. (வங்கி தரும் கடன் உறுதிக் கடிதம்) மூலம் ஏற்றுமதி செய்பவர்கள், எல்.சி.யில் வேறு கெடு குறிக்கப்படாவிட்டால், அதற்கான சர்வதேச விதிகளான யுசிபி 600-இன்படி சரக்கு கப்பலேறிய 21 நாட்களுக்குள் ஆவணங்களை வங்கியில் சேர்த்தாக வேண்டும். பில் ஆஃப் லேடிங்கின் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதின்) வரைவில் ஒரு திருத்தம் கேட்டு அனுப்பிய மெயில், எதிர்த்தரப்பின் ஸ்பேம் பெட்டியில் நான்கு நாட்கள் கிடந்தால், அந்த நான்கு நாட்களும் இந்த 21-லிருந்தே கழிகின்றன. ஆகவே மெயில் சேருவதை ஐடி பிரிவின் தனிக் கவலையாகக் கருதாமல், பணம் கைக்கு வரும் நாளோடு சேர்த்து எண்ண வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சர்வரைப் பராமரிப்பவர்களுக்கும், அவர்களிடம் புகார் கொண்டுவரும் கணக்குப் பிரிவினருக்கும் சேர்த்தே இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

எதையும் மாற்றுவதற்கு முன்

புகார் பெரும்பாலும், "அண்ணே, மெயில் போயிருச்சு, அவங்க வரலைங்கிறாங்க" என்ற ஒற்றை வரியாகத்தான் வரும். அனுப்பியவர் முகவரி, பெறுபவர் முகவரி எழுத்துக்கு எழுத்து, அனுப்பிய நேரம், பொருள் வரி ஆகிய நான்கையும் கேட்டு வாங்குங்கள். மெயில் திரும்பி வந்திருந்தால், அந்த பவுன்ஸ் மெயிலை அப்படியே இணைப்பாக அனுப்பச் சொல்லுங்கள். திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதில் மேலே உள்ள வருத்தச் செய்தி மட்டும் தெரியும், காரணத்தைச் சொல்லும் எண் கீழே வெட்டுப்பட்டிருக்கும்.

அடுத்து சர்வரின் பதிவேடான லாகைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்களுக்கு மெசேஜ் டிரேஸ், கூகுள் வொர்க்ஸ்பேஸ் வைத்திருப்பவர்களுக்கு ஈமெயில் லாக் சர்ச், சொந்தமாக போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளை நடத்துபவர்களுக்கு மெயில் லாக் கோப்பு இருக்கிறது. அதில் 2-ல் தொடங்கும் எண் இருந்தால் எதிர் சர்வர் மெயிலைப் பெற்றுக்கொண்டது. 4-ல் தொடங்கினால் இப்போது முடியாது, பிறகு வா என்றது. 5-ல் தொடங்கினால் ஏற்க மறுத்துவிட்டது. இதில் 250 என்ற எண்ணைத்தான் பலர் தவறாகப் படிக்கிறார்கள். பதிவுத் தபாலை வாயில் காவலர் கையெழுத்திட்டு வாங்கினார் என்ற அளவுக்கே அது சான்று. மேலாளரின் மேசைக்குப் போனதா என்பதை அது சொல்லாது. "எங்கள் பக்கம் 250 வந்துவிட்டது, இனி அவர்கள் பாடு" என்று கோப்பை மூடும் பழக்கம் பெரிய நிறுவனங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மெயில் சேர்ந்ததா என்று அறியும் பொறுப்பு அனுப்பியவரைச் சார்ந்தது என்ற எண்ணத்தோடு கீழே உள்ளவற்றைப் படியுங்கள்.

அறிகுறி: அனுப்பிய உடனே திரும்பி வருகிறது

பவுன்ஸில் 5-ல் தொடங்கும் மூன்றிலக்க எண்ணும், அதன் பின்னால் புள்ளிகளால் பிரிந்த இன்னோர் எண்ணும் இருக்கும். இரண்டாவதுதான் காரணத்தைச் சொல்கிறது. இந்த நிலையில் அதே மெயிலை மீண்டும் மீண்டும் அனுப்புவதால் பயனில்லை. இல்லாத முகவரிகளுக்குத் தொடர்ந்து அனுப்பும் டொமைனின் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயரின்) நற்பெயர் கெடும் என்பதால் தீங்கும் உண்டு.

5.1.1 என்றால் அப்படி ஒரு முகவரி இல்லை. நம் பகுதியில் இதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. மெய்யப்பன், வள்ளியப்பன், அழகம்மை போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள்; ஓர் எழுத்து இரட்டிப்பதும் இரட்டிக்காததும் அவரவர் வழக்கம். காதால் கேட்டு முகவரியைத் தட்டச்சு செய்யாமல், அவரிடமிருந்து ஒரு மெயிலை வரவழைத்து அதற்குப் பதில் அனுப்புவதே பாதுகாப்பானது. முகவரி சரியாக இருந்தும் பிழை தொடர்ந்தால், அவுட்லுக் நினைவில் வைத்துத் தானாக நிரப்பும் பழைய முகவரியை நீக்கிவிட்டு முழுமையாகத் தட்டச்சு செய்து பாருங்கள். 5.2.2 என்றால் அவருடைய பெட்டி நிறைந்துவிட்டது. தொலைபேசியில் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

5.3.4 அல்லது 5.2.3 என்பது அளவு மீறலைக் குறிக்கிறது. ஆத்தங்குடி டைல்ஸின் வண்ண மாதிரிகள் அனைத்தையும் படமெடுத்து ஒரே பிடிஎஃப் ஆக்கினால் 19 எம்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வரம்பு 25 எம்பி என்பதால் தாராளமாகப் போகும் என்று தோன்றும். ஆனால் இணைப்புகள் பேஸ்64 முறையில் எழுத்துகளாக மாற்றப்பட்ட பிறகே பயணிக்கின்றன. அந்த மாற்றத்தில் அளவு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே பெருகி, 19 எம்பி கோப்பு ஏறத்தாழ 26 எம்பி ஆகிவிடும். 25 என்று எழுதியிருக்கும் இடத்தில் 18-ஐ உச்சமாகக் கொள்ளுங்கள். பெறுபவரின் நிறுவனம் 10 எம்பி என்றுகூட வரம்பு வைத்திருக்கலாம் என்பதால், கேட்லாகை டிரைவில் ஏற்றி இணைப்பு முகவரியை மட்டும் அனுப்புவது நல்லது.

5.7-ல் தொடங்குபவை கொள்கை சார்ந்த மறுப்புகள். ஜிமெயில் 5.7.26 என்று சொன்னால், அனுப்பியவர் யார் என்பதை உறுதிப்படுத்த முடியவில்லை என்று பொருள். அதற்கான தீர்வு ஸ்பேம் பற்றிய பகுதியில் வருகிறது. 5.7.25 என்றால், அனுப்பும் ஐபி முகவரிக்கு பிடிஆர் பதிவு (ஐபி எண்ணிலிருந்து சர்வரின் பெயரைக் காட்டும் பதிவு) இல்லை. இதை உங்கள் டொமைனின் டிஎன்எஸ் (பெயர்களையும் ஐபி எண்களையும் இணைக்கும் இணையப் பதிவேடு) பக்கத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பிடிஆர் பதிவை ஐபி முகவரிக்கு உரியவரே, அதாவது உங்களுக்கு லீஸ்டு லைன் கொடுத்த நிறுவனமே, இட முடியும். எழுத்து மூலம் கேளுங்கள். அவர்கள் இட்ட பெயரைத் திரும்பத் தேடினால் அதே ஐபி முகவரி வர வேண்டும் என்பதையும் சரிபாருங்கள். ஒரு திசை மட்டும் சரியாக இருந்தால் போதாது.

அறிகுறி: போகிறது, ஆனால் மணிக்கணக்கில் தாமதமாகிறது

லாகில் 'டெஃபர்டு' என்றும் 4-ல் தொடங்கும் எண்ணும் இருக்கும். முதல்முறையாக எழுதும் நிறுவனம் என்றால் இது கிரேலிஸ்டிங்காக இருக்கலாம்: அறிமுகமில்லாத சர்வரை வேண்டுமென்றே ஒருமுறை திருப்பி அனுப்பி, மீண்டும் வருகிறதா என்று பார்க்கும் முறை அது. ஒழுங்கான சர்வர் சிறிது நேரத்தில் மீண்டும் முயலும், மெயிலும் போய்விடும். மெயில் பரிமாற்றத்துக்கான எஸ்எம்டிபி நெறிமுறையை வரையறுக்கும் 2008-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 5321 என்ற தரநிலை ஆவணம், மறுமுயற்சிகளுக்கு இடையே குறைந்தது 30 நிமிடம் விடவும், நான்கைந்து நாட்களாவது முயன்ற பிறகே கைவிடவும் பரிந்துரைக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான அமைப்பு 5 நாள்.

இந்த 5 நாள் வணிகத்துக்கு மிக நீண்டது என்று நினைக்கிறேன். டெண்டருக்கான விலைப்புள்ளி வரிசையில் நின்றுகொண்டிருப்பது ஐந்தாம் நாள் பவுன்ஸ் வரும்போதுதான் தெரிந்தால், டெண்டர் முடிந்து மூன்று நாள் ஆகியிருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வரிசையில் நிற்கும் மெயிலுக்கு அனுப்பியவருக்கே எச்சரிக்கை போகும்படி அமைத்துவிடுங்கள். போஸ்ட்ஃபிக்ஸில் இந்த வசதி உண்டு, இயல்பில் அணைக்கப்பட்டிருக்கும்.

அறிகுறி: ஸ்பேம் பெட்டியில் விழுகிறது

வாடிக்கையாளரை அழைத்து "ஸ்பேமில் ஒருமுறை பாருங்கள்" என்று சொல்வதை நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொண்டிருக்கும் அலுவலகங்கள் ஏராளம். நம்மை அறிந்த வாடிக்கையாளர் பார்ப்பார். புதிதாக விலை கேட்ட துபாய் வணிகர் பார்க்க மாட்டார், அடுத்த விற்பனையாளரிடம் போய்விடுவார்.

ஸ்பேமில் விழுந்த ஒரு மெயிலைப் பெறுபவரிடமிருந்து முழு ஹெட்டருடன் (மெயில் கடந்து வந்த வழியைக் காட்டும் தலைப்பு வரிகளுடன்) வாங்குங்கள். ஜிமெயிலில் அந்த மெயிலின் மூன்று புள்ளிப் பட்டியலில் 'ஷோ ஒரிஜினல்' என்பதை அழுத்தினால் போதும். மேலேயே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்றுக்கும் தனித்தனியாக 'பாஸ்' அல்லது 'ஃபெயில்' என்று காட்டும். எஸ்பிஎஃப் என்பது எந்த சர்வர்கள் நம் டொமைனின் சார்பில் அனுப்பலாம் என்ற பட்டியல். டிகிம் என்பது மெயிலின் மீது இடப்படும் மறைகுறிக் கையொப்பம். டிமார்க் என்பது இவ்விரண்டில் ஒன்றாவது, 'ஃப்ரம்' வரியில் கண்ணுக்குத் தெரியும் டொமைனுடன் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்று சொல்லும் கொள்கை.

பெரிய நிறுவனங்களில் மிகுதியாகக் காணக்கூடிய ஹெட்டர், முதல் இரண்டும் 'பாஸ்', மூன்றாவது 'ஃபெயில்' என்று இருப்பதுதான். பார்ப்பவர் குழம்பிப்போவார். விடுதியின் முன்பதிவு மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அது நம் பெயரில் விருந்தினருக்கு உறுதி மெயில் அனுப்புகிறது. ஆனால் 'ரிட்டர்ன் பாத்' முகவரி, அதாவது பவுன்ஸ் திரும்ப வேண்டிய முகவரி, மென்பொருள் நிறுவனத்தின் டொமைனில் இருக்கிறது, டிகிம் கையொப்பமும் அவர்களுடையது. எஸ்பிஎஃப் சோதிப்பது 'ரிட்டர்ன் பாத்' டொமைனை. அது அவர்களுடையது என்பதால் தேறிவிடுகிறது. கையொப்பமும் செல்லுபடியாகிறது. இரண்டுமே நம் டொமைனுடன் ஒத்துப்போகவில்லை, ஆகவே டிமார்க் தோற்கிறது. மென்பொருள் நிறுவனத்திடம் நம் டொமைனுக்கென்று தனி டிகிம் சாவி கேட்டு, அதை நம் டிஎன்எஸ்ஸில் பதிந்தால் இது தீரும். சம்பளச் சீட்டு அனுப்பும் நிறுவனம், கருத்துக்கணிப்பு மென்பொருள், வேலைவாய்ப்புத் தளம் என்று நம் பெயரில் அனுப்பும் ஒவ்வொருவருக்கும் இதையே செய்ய வேண்டும். அவர்கள் எத்தனை பேர் என்பது ஐடி பிரிவுக்கே பெரும்பாலும் தெரியாது; டிமார்க் பதிவில் அறிக்கை முகவரி ஒன்றைக் கொடுத்து, வரும் அறிக்கைகளைச் சில வாரம் படித்தால் பட்டியல் தானாகக் கிடைக்கும்.

எஸ்பிஎஃப் 'பெர்ம்எரர்' (நிரந்தரப் பிழை) என்று காட்டினால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். புதிய சேவை வாங்கும்போதெல்லாம் அவர்கள் தந்த வரியைத் தனிப் பதிவாகச் சேர்த்திருந்தால் முழுவதும் செல்லாததாகிவிடும். மற்றது, ஒரு பதிவைச் சோதிக்க 10 டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் ஆகக் கூடாது என்ற வரம்பு. வேறொரு டொமைனின் பட்டியலைச் சேர்க்கும் ஒவ்வொரு 'இன்க்ளூட்'டும் தேடலாக எண்ணப்படும், அதற்குள் இருக்கும் 'இன்க்ளூட்'களும் எண்ணப்படும். ஐபி முகவரியை நேரடியாக எழுதினால் எண்ணப்படாது. கைவிட்ட சேவைகளின் வரிகளை நீக்கினாலே பல டொமைன்களில் இது சரியாகிவிடுகிறது.

டிகிம் தோற்று, 'பாடி ஹாஷ்' (மெயில் உள்ளடக்கத்தின் சுருக்கக் குறியீடு) பொருந்தவில்லை என்று வந்தால், கையொப்பம் இட்ட பிறகு யாரோ மெயிலைத் திருத்துகிறார்கள். "இம்மெயில் இரகசியமானது" என்ற நீண்ட அடிக்குறிப்பைக் கடைசியில் ஒட்டும் கேட்வேயை (மெயில் வெளியேறும் வாயில் சர்வரை) முதலில் சந்தேகியுங்கள். அடிக்குறிப்பு கையொப்பத்துக்கு முன்பே சேரும்படி வரிசையை மாற்றுங்கள். சாவியே கிடைக்கவில்லை என்று வந்தால், 2048 பிட் சாவியின் நீளத்தைக் கவனியுங்கள்: டிஎன்எஸ்ஸின் ஓர் எழுத்துச்சரம் 255 எழுத்துகளைத் தாண்டக் கூடாது என்பதால் அதை இரண்டாகப் பிரித்துப் பதிய வேண்டும், சில கட்டுப்பாட்டுப் பக்கங்கள் மீதியைச் சத்தமின்றி வெட்டிவிடும்.

மூன்றுமே தேறியும் ஸ்பேமில் விழுகிறது என்றால், பிரச்சினை நற்பெயரில் இருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் கண்டாங்கிச் சேலைச் சலுகையை, எங்கிருந்தோ சேர்த்த 20,000 முகவரிகளுக்கு இன்வாய்ஸ் போகும் அதே டொமைனிலிருந்து அனுப்பியிருப்பார்கள். கார்த்திகை மாதம் முழுக்க இன்வாய்ஸ்கள் ஸ்பேமில் விழும். 2024 பிப்ரவரி முதல், நாளுக்கு 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்பும் டொமைன்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும், விளம்பர மெயில்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியையும் கூகுள் கட்டாயமாக்கியது. ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது, 0.1-க்குக் கீழே வைப்பது நல்லது என்பதும் அதன் நிபந்தனை. ஒருமுறை அந்த எண்ணிக்கையைத் தொட்ட டொமைன் பிறகும் மொத்த அனுப்புநராகவே கருதப்படும். யாஹூவும் இதே காலத்தில் இத்தகைய விதிகளைக் கொண்டுவந்தது, அவுட்லுக்.காம் 2025 மே மாதத்தில் தொடர்ந்தது, அங்கே மறுப்பு 5.7.515 என்ற எண்ணுடன் வரும். வாழ்த்தும் சலுகையும் துணை டொமைனிலிருந்து போகட்டும். கேட்டு வாங்கிய முகவரிகளுக்கு மட்டும் போகட்டும். 5,000 என்ற கணக்கில் துணை டொமைனும் மூல டொமைனோடு சேர்த்தே எண்ணப்படும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அறிகுறி: 250 இருக்கிறது, பவுன்ஸ் இல்லை, ஸ்பேமிலும் இல்லை

எல்லாவற்றிலும் இதுவே கொடியது, ஏனெனில் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். எதிர் நிறுவனத்தின் குவாரன்டீனில் (சந்தேக மெயில்களைத் தடுத்து வைக்கும் இடத்தில்) இருக்கலாம். அதைப் பயனாளர் பார்க்க முடியாமல், அவர்களுடைய நிர்வாகி மட்டுமே பார்க்கும்படி அமைத்திருக்கலாம். லாகில் 250-க்குப் பின்னால் வரும் வரிசை எண்ணை முழுதாகப் பிரதியெடுத்து, நேரத்தை நாட்டு நேரக் குறிப்புடன் சேர்த்து அவர்களுடைய ஐடி பிரிவுக்கு அனுப்புங்கள். "மெயில் வரவில்லையாம், பாருங்கள்" என்ற வேண்டுகோளை எவரும் தேட மாட்டார்கள். வரிசை எண் கொடுத்தால் சில நிமிடங்களில் தேடிவிடலாம்.

நம் உள் மெயிலே இப்படிக் காணாமல் போனால், பெறுபவரின் பெட்டியில் உள்ள விதிகளைத் திறந்து பாருங்கள். ஓய்வுபெற்ற மேலாளரின் பெட்டியிலிருந்து வெளியே ஜிமெயிலுக்குத் தானாக ஃபார்வர்டு ஆவதும் காரணமாகலாம்: ஃபார்வர்டு செய்யும்போது அனுப்பும் ஐபி மாறுவதால் எஸ்பிஎஃப் தோற்கும், டிகிம் இல்லாத மெயில்கள் அங்கே நிராகரிக்கப்படும். நீங்கள் போடாத விதி ஒன்று, 'இன்வாய்ஸ்' அல்லது 'பேமென்ட்' என்ற சொல் உள்ள மெயில்களை வேறு ஃபோல்டருக்கு நகர்த்துகிறது என்றால், அந்தக் கணக்குக்குள் வேறொருவர் நுழைந்துவிட்டார். கடவுச்சொல்லை மாற்றி, திறந்திருக்கும் எல்லா அமர்வுகளையும் முடித்து, இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, கீழே 'இன்று காலையிலிருந்து எல்லோரும் மறுக்கிறார்கள்', 'நாம் அனுப்பாத மெயில் நம் பெயரில் போயிருக்கிறது' என்ற இரண்டு பகுதிகளையும் படியுங்கள்.

அறிகுறி: ஆலையின் ஸ்கேனரிலிருந்து மட்டும் போகவில்லை

மெயில் அனுப்பும் ஸ்கேனர், எடைமேடைக் கணினி, ஜெனரேட்டர் எச்சரிக்கைப் பெட்டி ஆகியவை போர்ட் 25 வழியாக நேரே வெளியே அனுப்ப முயலும். இணைய நிறுவனங்கள் பல அதைத் தடுத்திருக்கின்றன. தடுக்காவிட்டாலும், வீட்டு பிராட்பேண்ட் ஐபி முகவரிகள், தடைப்பட்டியல்களை வெளியிடும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் பிபிஎல் பட்டியலில் (நேரே மெயில் அனுப்பக் கூடாத முகவரிகளின் பட்டியலில்) இருப்பது வழக்கம். பட்டியலிலிருந்து நீக்கக் கேட்பது தேவையற்றது. போர்ட் 587-இல், கடவுச்சொல்லுடன், நிறுவனத்தின் ரிலே (இடைநிலை மெயில் சர்வர்) வழியாக அனுப்பும்படி மாற்றினால் போதும்.

அறிகுறி: இன்று காலையிலிருந்து எல்லோரும் மறுக்கிறார்கள்

வரிசையை எண்ணிப் பாருங்கள். நீங்கள் அனுப்பாத ஆயிரக்கணக்கான மெயில்கள் நின்றால், ஊழியர் ஒருவரின் கணக்கு பறிபோய் ஸ்பேம் போகிறது, அதனால் ஐபி தடைப்பட்டியலில் ஏறியிருக்கிறது. அந்தக் கணக்கை முடக்கி, வரிசையைத் துடைத்து, கசிவு நின்றது உறுதியான பிறகே பட்டியலிலிருந்து நீக்கக் கேளுங்கள். முன்கூட்டிக் கேட்டால் மீண்டும் ஏற்றப்படுவீர்கள். ஐபியை மாற்றித் தரும்படி இணைய நிறுவனத்தைக் கேட்பது சரியான வழியல்ல; புதிய ஐபிக்கு நற்பெயரே இருக்காது, கணக்கு இன்னும் பறிபோனபடியே இருக்கும். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் (CERT-In) 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணைப்படி, இத்தகைய ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். வட்டில் இடமில்லை என்று வாரம் ஒருமுறை லாகை அழிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அறிகுறி: நாம் அனுப்பாத மெயில் நம் பெயரில் போயிருக்கிறது

"எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்பவும்" என்று வாடிக்கையாளருக்கு ஒரு மெயில் போயிருக்கும். பணம் ஏற்கெனவே போயிருந்தால் வங்கிக்கும் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் முதலில் தெரிவியுங்கள், ஹெட்டரைப் பிறகு பார்க்கலாம். ஹெட்டரில் நம் டொமைனே எழுத்து மாறாமல் இருந்து டிமார்க் தோற்றிருந்தால், நம் டிமார்க் கொள்கை இன்னும் 'நன்' (none, தோற்றாலும் எதுவும் செய்யாதே) நிலையில் கிடப்பதே அது உள்ளே போக வழிவிட்டது. அறிக்கைகளைப் படித்து, நியாயமான அனுப்புநர்கள் அனைவரும் தேறுவதை உறுதி செய்துகொண்டு, 'குவாரன்டீன்' (ஸ்பேமுக்கு ஒதுக்கு) நிலைக்கும் பிறகு 'ரிஜெக்ட்' (மறு) நிலைக்கும் செல்லுங்கள். அவசரப்பட்டு ஒரே நாளில் 'ரிஜெக்ட்' வைத்தால் சம்பளச் சீட்டுகளும் சேர்ந்து மறுக்கப்படும். டொமைனில் ஓர் எழுத்து மாறியிருந்தால் டிமார்க் எதுவும் செய்யாது. வங்கிக் கணக்கு மாற்றம் எதையும் பழைய தொலைபேசி எண்ணில் பேசி உறுதி செய்யாமல் ஏற்க வேண்டாம் என்று வாடிக்கையாளர்களுக்கு இன்றே எழுதிவிடுங்கள்.

அறிகுறி: நமக்கு வரவேண்டியவை வரவில்லை

சிலருடைய மெயில் மட்டும் வரவில்லை என்றால் நம் வடிகட்டியைப் பாருங்கள். எல்லாருடையதும் ஒரே நேரத்தில் நின்றுபோய், லாகில் ஒவ்வொன்றும் ஸ்பாம்ஹவுஸ் பட்டியலைக் காரணம் காட்டி மறுக்கப்பட்டிருந்தால், சர்வர் எந்த டிஎன்எஸ்ஸைக் கேட்கிறது என்று பாருங்கள். 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹவுஸ் 127.255.255.254 என்ற பிழைக் குறியீட்டைத் திருப்பித் தரும். 'ஏதாவது பதில் வந்தால் மறு' என்று அமைத்த சர்வர் அதையும் தடையாக எடுத்துக்கொண்டு உலகத்தையே மறுக்கும். சொந்த டிஎன்எஸ் ரிசால்வரை (டிஎன்எஸ் தேடலைச் செய்யும் சர்வரை) நிறுவி, எந்தக் குறியீடுகளுக்கு மறுக்க வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.

லாகில் உள்வரும் இணைப்பே இல்லை என்றால் எம்எக்ஸ் பதிவையும் (நம் மெயிலை எந்த சர்வர் பெறும் என்று காட்டும் டிஎன்எஸ் பதிவு), அதற்கும் முன்னால் டொமைனின் புதுப்பிப்பு நாளையும் பாருங்கள். குடும்ப நிறுவனங்களில் டொமைன் பல ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் பெயரில் பதிவாகி, புதுப்பிப்பு நினைவூட்டல் அவருடைய பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும். நினைவூட்டல் அதே டொமைனில் உள்ள முகவரிக்குப் போவதும் ஆபத்து. டொமைன் காலாவதியான நாளில் அந்தப் பெட்டியும் இயங்காது. பதிவை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றி, வேறு டொமைனில் உள்ள இரண்டு பேரின் முகவரிகளுக்கு நினைவூட்டல் போகும்படி செய்து, தானியங்கிப் புதுப்பிப்புக்குக் கொடுத்திருக்கும் அட்டையின் காலாவதி மாதத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.